சாயம் நிக்க ஒரு கைப்பிடி உப்பு

ஆருங்க்கா உங்ககிட்டச் சொன்னது? எம்பட பையன்தானுங்களே? அவன் வாயில ஒண்ணு நிக்குமா! ஆமாங்க, போட்டேன். ஒரு கைப்பிடி கல்லுப்பு. இனிப்புலதான் போட்டேன். கை தவறியெல்லாம் உழுகலீங்க, தெரிஞ்சு அளந்துதான் போட்டேன். சிரிச்சு முடிச்சுட்டு அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். அவன் சொல்றதைய நம்பாதீங்க. அவன் பாதிக்கு மேலதான் வந்தான்.

மருமக முழுகாம இருக்கறது உங்களுக்குத் தெரியும். மசக்கைன்னா எல்லாத்துக்கும் வர்றதுதான். வெள்ளகோயல்ல குடுத்திருக்கற எம்பட மக ரெண்டு பேரனைப் பெத்தா. ரெண்டுக்கும் காலைல ஒரு வாந்தி எடுப்பா, பத்து மணிக்கு நாலு தோசை திம்பா, அவ்வளவுதான். இந்தப் புள்ளைக்கு அப்படி இல்லீங்க. பதினஞ்சு நாளா பச்சைத் தண்ணி குடிச்சாலும் திரும்பி வந்துரும். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போச்சு. ரெண்டுவாட்டி ஆசுபத்திரில ட்ரிப்ஸ் ஏத்திட்டு வந்தோம். "வெள்ளிக்கெழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள வயித்துல ஏதாவது நிக்கோணும். இல்லீன்னா படுக்க வெச்சுத்தான் பாக்கோணும்"னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க.

அதுக்கு மேல சம்மந்தியம்மா வேற. தூத்துக்குடில இருந்து தெனமும் மகளுக்குப் போன். சனிக்கெழமை வந்து மகளைக் கூட்டிட்டே போயிருதேன்னு சொல்லி, திரும்பிப் போக ரெண்டு டிக்கெட்டும் எடுத்துட்டாங்க. நான் தப்பு சொல்லலீங்க, பெத்தவளுக்கு இருக்காதா? ஆனா எம்பட ஊட்டுல ஒரு புள்ளைக்குச் சோறு எறங்கலீன்னு ஊருக்குத் திருப்பி அனுப்பறதுன்னா எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. ஏற்கெனவே நம்ம சொந்தத்துல எத்தனை பேச்சு! பனியன் கம்பெனிக்குத் தையல் மெசினு, பவர்டேபிள் ஓட்ட வந்த புள்ளை, கடக்கரைக்காரப் புள்ளை, சர்ச்சுக்குப் போற புள்ளைன்னு. கோயல்ல ஒண்ணு, சர்ச்சுல ஒண்ணுன்னு ரெண்டு கண்ணாலம் பண்ணி வெச்சவ நான். ரெண்டு விருந்துலயும் சாப்பிட்டுப் போட்டுத்தான் பேசுனாங்க.

செவ்வாக்கெழமை மத்தியானம் அவ தலைமாட்டுல உக்காந்து கேட்டேன். "கண்ணு, என்ன வேணுமோ வாயத் தொறந்து கேளு. நெலாவைக் கேட்டாலும் உன்ற புருசனை ஏணி வெக்கச் சொல்றேன்"னு. மொகத்தை என்ற பக்கம் திருப்புனா. அப்பறம் சொல்றா, "அத்தே, அம்மை கிறிஸ்துமஸுக்குக் கடல்பாசி செய்வா. அடுக்கடுக்கா, கலர் கலரா. ஜில்லுன்னு வழுக்கிட்டு எறங்கும். அது இருந்தா தின்னுருவேன்னு தோணுது."

எனக்குத் தெரிஞ்ச பாசி கெணத்துப் படில இருக்கற பாசிதான். அதைய எப்படித் திங்கறதுன்னு நெனச்சுட்டே, பையன்கிட்டச் சொல்லி உட்டேன். அவன் சாயங்காலம் ஒரு டப்பா வாங்கிட்டு வந்தான், மேல தளதளன்னு செவப்பா படம் போட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது, படத்தைப் பாத்துட்டு நெம்ப சந்தோசம். அவதான் படுத்துட்டே வாங்கிப் படிச்சுப் போட்டு, "அத்தே, இது எலும்புல இருந்து எடுக்குறது. அம்மை செய்யது இது இல்ல"ங்கறா. அடப்பாவி! மக்கா நாள் புதங்கெழமை, கிருத்திகை. இவளுக்குச் சோறு எறங்கோணும்னு சிவன்மலை முருகனுக்கு நேந்துட்டு நான் பச்சைத் தண்ணி பல்லுல படாம இருக்கப் போறேன், இவன் எலும்புப் பொடியக் கொண்டாந்து அடுப்புத் திண்டுல வெக்கறான். திருப்பிக் குடுத்துட்டு வாடான்னு வெரட்டி உட்டேன்.

பொறகுதான் அந்த நெசக் கடல்பாசி வந்துது. பிரிச்சுப் பாத்தா எனக்குச் சிரிப்பே வந்துருச்சுங்க. வெள்ளை வெளேர்னு, நீட்டு நீட்டா, நூலுச் சிட்டமேதான்! எங்கப்பன் ஊட்டுல தறி இருந்த காலத்துல கஞ்சி போட்ட நூலை இப்படித்தான் சிட்டம் சிட்டமா கட்டி வெச்சிருப்பாங்க. கைல எடுத்தா அதே மொறமொறப்பு. அட, இது நம்ம சரக்குதானேன்னு ஒரு தெகிரியம் வந்துருச்சு.

அந்தத் தெகிரியம்தான் கெடுத்துது. ஒரு போன் போட்டு சம்மந்தியம்மாளைக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல பக்குவம் சொல்லியிருப்பாங்க. கேக்க மனசு வல்லீங்க. மகளைக் கூட்டிட்டுப் போக டிக்கெட் எடுத்து வெச்சிருக்கறவங்ககிட்டப் போயி, உங்க மகளுக்கு எப்படீங்க தீனி போடறதுன்னு கேக்கறதா? மருமககிட்டயே கேட்டேன். ஊற வெச்சுக் காச்சோணும், சக்கரை போடோணும், கலர் கலந்து ஒண்ணு மேல ஒண்ணா ஊத்தோணும்னா. அவ திங்கத்தான் தின்னிருக்கா, செஞ்சதில்லை. அது எனக்கு அப்பறம்தான் தெரிஞ்சுது.

புதங்கெழமை காலைல குளிச்சுப் போட்டு ஆரம்பிச்சேன். செவப்பு, வெள்ளை, பச்சை, மூணு அடுக்குன்னு கணக்கு. வெள்ளைக்குப் பாலு. பாசி கரைஞ்சு கண்ணாடியாட்டம் ஆச்சு. வடிகட்டி, சக்கரை போட்டு, கலர் உட்டு, தட்டுல செவப்பை ஊத்துனேன். பொறுமை இல்லீங்க எனக்கு. அது ஆறறதுக்குள்ள பாலை ஊத்தி, அது மேலயே பச்சைய ஊத்துனேன். எல்லாம் ஒட்டுக்காக் கலந்து, சாயக் காவாத் தண்ணி எப்படி இருக்கும்? அதே நெறம். அப்படியே இறுகியும் போச்சு. தட்டைக் கவுத்தா கல்லு மாதிரி உக்காந்திருக்குது.

ரெண்டாவதுவாட்டி காத்துட்டிருந்தேன். செவப்பு இறுகி, வெரல்ல ஒட்டாம ஆனதுக்கப்பறம்தான் பாலு. அது இறுகினதுக்கப்பறம் பச்சை. ஒரு மணி நேரம் போயி கத்தி போட்டுப் பாக்கறேன், நடுவுல வெள்ளையவே காணோம்! கீழ இருந்து செவப்பு ஏறி, மேல இருந்து பச்சை எறங்கி, பாலு பாதி ரோசாவும் பாதி பாசிப் பச்சையுமா நிக்குது. துண்டைத் தூக்குனா அடுக்கு அடுக்கா வழுக்கிக் கழண்டு வேற போகுது.

கழண்டது எனக்குப் பெருசாத் தெரியலீங்க. சாயம் எறங்குனதுதான் பொறுக்கல. சாயப்பட்டறைல பதினாலு வருசம் வேலை செஞ்சவ ஊட்டுல, சாயம் எறங்கறதா?

உங்களுக்கு அந்தக் காலம் தெரியாதுங்க்கா, நீங்க இங்க வந்ததுக்கு முன்னால. எங்க ஊட்டுக்காரரு சாய மாஸ்டரு. படிப்பெல்லாம் இல்லை, கண்ணுதான். கம்பெனில இருந்து ரெண்டு வெரக்கடை துணிய வெட்டிக் குடுத்து இந்தக் கலர் வேணும்பாங்க. வெளில வெயில்ல தூக்கிப் பாப்பாரு, நெழல்ல வெச்சுப் பாப்பாரு, அப்பறம் நேராப் போயி மூணு டப்பால இருந்து அள்ளிப் போடுவாரு. அச்சு அசலா வந்து நிக்கும். அவரு ஊட்டுக்கு வர்றப்ப கையப் பாத்தே இன்னிக்கு என்ன ஆர்டர் ஓடுச்சுன்னு நான் சொல்லிப்போடுவேன். ஒருநா முழங்கை வரைக்கும் நீலம். ஒருநா ரத்தமாட்டம் செவப்பு. பொண்ணு பாக்க வந்தப்பவே கையி மஞ்சளாத்தான் இருந்துது. எங்கம்மா, "மாப்பிள்ளை நலுங்கு வெச்சுட்டே வந்துட்டாரு"ன்னு சிரிச்சுது.

நானு காயப்போடற வேலை. நனைஞ்ச பனியன் துணிய தலைச்சுமையா எடுத்துட்டுப் போயி, காட்டுல கயிறு கட்டி, ஒரு பர்லாங்கு தூரத்துக்கு விரிச்சு உடோணும். செவப்பு ஒரு வரிசை, அதுக்கு அடுத்து மஞ்சள், அப்பறம் பச்சை. காத்தடிச்சா எல்லாம் ஒண்ணா எந்திரிச்சு ஒண்ணா உக்காரும். நடுவுல நாங்க எட்டுப் பேரு, துணிக்குள்ள பூந்து பூந்து ஓடுவோம். நெழல் விழுந்தா மூஞ்சியே அந்தக் கலருக்கு மாறிரும். "அய்யோ, உன்ற மூஞ்சி பச்சையாப் போச்சு பாரு, புருசன் வெரட்டப் போறான்"னு கேலி பேசிக்குவோம். ஒருவாட்டி ஆடு ஒண்ணு ஈரத்துணில ஒரசிட்டுப் போயி, ஒரு பக்கம் வெள்ளையும் ஒரு பக்கம் ஊதாவுமா ஒரு மாசம் ஊருக்குள்ள திரிஞ்சுது. ஆட்டுக்காரரு சண்டைக்கு வந்தாரு. எங்க ஊட்டுக்காரரு ஆட்டைப் புடிச்சுத் தடவிப் பாத்துட்டு, "சாயம் நல்லா நின்னிருக்குது, எறங்காதுங்க"ன்னு சொன்னாரு பாருங்க, வந்தவரே சிரிச்சுட்டாரு.

அப்பறம் காயப்போட மெசின் வந்துருச்சு, நானு கம்பெனில செக்கிங்குக்குப் போயிட்டேன். அங்கயும் படிப்பு இல்லாமயே ஓட்டுனேன். எஸ்-ன்னா நெளியற பாம்பு, எம்-ன்னா ரெண்டு மலை, எல்-ன்னா மடக்குன காலு. ஒரு பீஸ் மாத்தி அடுக்குனதில்லை.

எங்க உட்டேன்? ஆங், சாயம். இந்தப் பையன் வயித்துல இருந்தப்ப எனக்கும் இப்படித்தான். மசக்கைல சாய வாடையே ஆகாது. அவரு படியேறுனாலே கொமட்டும். பாவம், ப்ளீச்சிங் பவுடரும் புளியும் போட்டுத் தேச்சுத் தேச்சு, கைத் தோலு உரிஞ்சு போயித்தான் கிட்ட வருவாரு. ஒருநா சாப்பாட்டுத் தூக்குப்போசில செவப்பு ஐஸ் ஒண்ணும் பால் ஐஸ் ஒண்ணும் வாங்கிப் போட்டு, அவிநாசி ரோட்டுல இருந்து சைக்கிள் மிதிச்சுட்டு வந்தாரு. தொறந்தா ஐஸ் எங்க இருக்குது? ரெண்டு குச்சி மெதக்குது. ரோசாத் தண்ணி. "குடி, கலர் போனாலும் ருசி போகாது"ன்னாரு. குடிச்சேன். அது நின்னுது. அப்பறம் தெனமும் அந்தத் தண்ணிதான், ரெண்டு குச்சியோட. அவரு போயி ஆறு வருசம் ஆச்சுங்க. கடைசியாக் குளிப்பாட்டறப்பக்கூட நகக்கண்ணுல நீலம் இருந்துது.

செரி, அதைய உடுங்க. அடுப்பு முன்னால நின்னு இந்தக் கலங்குன தட்டைப் பாத்துட்டிருக்கறப்ப, அவரு சொல்றது அப்படியே காதுல கேட்டுது. சாயம் துணியப் புடிக்கோணும்னா உப்பு வேணும். தொட்டில உப்பு கம்மியாப் போட்டா, தொவைக்கறப்ப எல்லாம் எறங்கிப் போயிரும். கெட்டிச் சாயத்துக்கு எச்சா, வெளுத்த சாயத்துக்குக் கம்மி. இதைய நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! உப்பு இல்லாம சாயம் வெச்சது என்ற தப்புதானேன்னு தலைல அடிச்சுட்டேன்.

மூணாவதுவாட்டி காச்சுனேன். செவப்பு கெட்டிச் சாயம், அதுக்கு ஒரு கைப்பிடி. பச்சை எளஞ்சாயம், அதுக்கு அரைக் கைப்பிடி. பாலு வெள்ளை, அதுக்கு எதுக்கு உப்பு? ருசி பாத்திருக்கலாமேன்னு கேக்கறீங்களா? விரதமுங்க! நேந்துட்டு வாயில வெப்பனா? இந்தவாட்டி அடி அடுக்கு வெரல்ல சித்த ஒட்டறப்பவே மேல ஊத்துனேன், கரண்டிய கவுத்துப் புடிச்சு மெதுவா. தண்ணில தட்டை வெச்சு ஆற உட்டேன். வெட்டுனா, அக்கா, கோடு போட்ட மாதிரி மூணு நெறம்! வெள்ளை வெள்ளையாவே நிக்குது. உப்புனாலயா, பொறுமையா ஊத்துனதுனாலயா, எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளை பனியன் துண்டை தொவைச்சு எடுத்தாந்து மேல ஒத்திப் பாத்தேன். சாயம் ஒட்டலீங்க.

அப்பத்தான் பையன் சோத்துக்கு வந்தான். துணிய வெச்சு நான் ஒத்திட்டிருக்கறதைப் பாத்துட்டு, "ஏம்மா, லாட்டு பாஸா, ரிஜெக்ட்டா?"ன்னான். "பாஸுடா. உங்கப்பன் வந்து பாத்தாலும் பாஸு"ன்னேன்.

நாலு துண்டை தட்டுல வெச்சு எடுத்துட்டுப் போனேன். புள்ளை எந்திரிச்சு உக்காந்தா. தட்டைப் பாத்ததும் மூஞ்சி மலந்துது. "அம்மை செய்யது மாதிரியே இருக்கு அத்தே"ன்னுட்டு ஒரு துண்டை எடுத்து வாயில வெச்சா. வெச்சவ மெல்லாம அப்படியே உக்காந்திருக்கறா. கண்ணு பெருசாகுது. போச்சு, வாந்திதான்னு நான் பக்கெட்டை எடுக்க ஓடறேன்.

"அத்தே... என்னத்தப் போட்டீய? உப்பால்லா கெடக்கு!"

"உப்புப் போடாம சாயம் எப்படி கண்ணு நிக்கும்?"னேன் நானு.

அவ்வளவுதானுங்க. பையன் செவுத்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறான். அவளும் சிரிக்கறா, வயித்தைப் புடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். பதினஞ்சு நாளா அந்த மூஞ்சில சிரிப்பே பாக்கலீங்க நானு. ஆனா எனக்கு அழுகை வந்துருச்சு. மூணுவாட்டி காச்சி, காத்தால இருந்து பட்டினியா நின்னு, கடைசில புள்ளைக்கு உப்பை ஊட்டி உட்டனே! வெள்ளிக்கெழமைக்கு ரெண்டே நாளு. தட்டைத் தூக்கிட்டுத் திரும்புனேன்.

"கொண்டு போவாதீய அத்தே, இங்க தாங்க"ங்கறா.

"உப்புக் கண்ணு அது."

"இருக்கட்டும். உப்பும் இனிப்புமா வாய்க்கு நல்லாருக்கு. இத்தன நாளா எல்லாம் மண்ணு மாதில்லா இருந்துது."

மொதல்ல செவப்பை மட்டும் பிச்சுத் தின்னா. அப்பறம் பாலோட சேத்து. நாலும் போச்சு. இன்னொரு ரெண்டு கேட்டா. குடுத்துட்டு நானும் பையனும் கட்டலுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து அவ மூஞ்சியவே பாத்துட்டிருந்தோம். பக்கெட்டு என்ற மடில. அவன் கம்பெனில இருந்து போன் மேல போன், எடுக்கவே இல்லை. "என்னத்துக்கு ரெண்டு பேரும் இப்படிப் பாக்கீய, வெக்கமா இருக்கு"ன்னு திரும்பிப் படுத்தா. சித்த நேரத்துல தூங்கிட்டா. எந்திரிக்கறப்ப பொழுது சாஞ்சு போச்சு. வாந்தி இல்லீங்க!

எந்திரிச்சதும் மொத வேலையா அவங்கம்மாளுக்குப் போன். ஒண்ணு உடாம சொல்றா, நடு நடுவுல சிரிச்சுட்டே. எனக்கு எங்க போயி ஒளியறதுன்னு தெரியல. அப்பறம், "அம்மை உங்களக் கூப்புடுதா"ன்னு போனை நீட்டுனா. ரெண்டு வருசமா அவிய என்கிட்டப் பேசுனது, "நல்லாருக்கீயளா சம்மந்தியம்மா, மழை உண்டா?" அவ்வளவுதான். இன்னிக்கு வாங்கிக் கட்டிக்கறதுதான்னு காதுல வெச்சேன்.

"மைனி! உப்பு வெளையுதது எங்க ஊர்ல. நாங்களே கடல்பாசில போட்டதில்லய!"

அவிய ஊர்ல மதினிய மைனிம்பாங்களாம். என்னைய ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லீங்க. அதுக்கப்பறம் நான் நிறுத்தலையே! சாயப்பட்டறை, தொட்டி, எங்க ஊட்டுக்காரரு கையி, எல்லாத்தையும் கொட்டிட்டேன். "சாயத்துக்கு உப்பு மூட்டை மூட்டையா வருமுங்க, உங்க தூத்துக்குடில இருந்துதான் லாரில வரும்"னேன். அந்தப் பக்கம் சேரை இழுத்துப் போட்டு உக்கார்ற சத்தம்.

"எங்கய்யா அந்த லாரிக்குத்தான் மூட்டை ஏத்துனாவ, மைனி"ன்னாங்க. "உப்பளத்துல. 'இன்னைக்கு மூணு திருப்பூர் லாரி, மவளே'ன்னு வந்து சொல்லுவாவ. திருப்பூர்க்காரவ உப்பத் தின்னே சாவாவளோன்னு நான் கேப்பேன். இத்தன உப்பு என்னத்துக்குன்னு யாருக்குந் தெரியாது."

எங்க ஊட்டுக்காரரு தொட்டில கொட்டுன உப்புல அந்தப் பெரியவரு தூக்குன மூட்டையும் இருந்திருக்குமுங்களே? ஆளு மொகம் தெரியாது, பேரு தெரியாது. இவரு கைல நீலம்னா, அவருக்குக் கால் பொளந்து ரத்தம் வருமாம் உப்புல நின்னு நின்னு. ரெண்டு பேரும் இப்ப இல்லை. நாங்க ரெண்டு பேரும் போனைப் புடிச்சுட்டு மாத்தி மாத்தி அழுதோம், சிரிச்சோம். போனு சுட்டுப் போச்சு, மருமக புடுங்கப் பாக்கறா. அப்பத்தான் வெக்கத்தை உட்டுப்போட்டு, கடல்பாசி பக்குவம் கேட்டேன். பாலுக்குப் பதிலு தேங்காப்பால் உடோணுமாம், ஏலக்காய் ஒண்ணு தட்டிப் போடோணுமாம். "ஆனா எம்மவளுக்கு இனிமே நீங்க செய்யத மாதியே செஞ்சு குடுங்க"ன்னாங்க.

நேத்து காலைல அரை இட்லி. மத்தியானம் ரசஞ்சோறு நாலு வாய், நின்னுது. இன்னிக்கு ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்தோம். படுக்க வெக்க வேண்டாம், ஊட்டுக்கே போங்கன்னுட்டாங்க. உப்பு கம்மியாக் குடுங்கன்னு மட்டும் சொன்னாங்க. நான் கடல்பாசியச் சொல்லலீங்க, சொன்னா என்னையப் படுக்க வெச்சிருவாங்க.

சம்மந்தியம்மா நாளைக்கு வர்றாங்க. நானேதான் கேட்டேன், "டிக்கெட் எடுத்தீங்களே, என்ன பண்ணப் போறீங்க?"ன்னு. "ரெண்டுல ஒண்ண கேன்சல் பண்ணியாச்சு மைனி. நாலு நாளு இருந்து பாத்துட்டு நான் மட்டும் போறேன். வளைகாப்புக்கு வந்து முறையாக் கூட்டிட்டுப் போறேன்"னாங்க. வளைகாப்புக்கு நீங்கதானுங்க்கா மொத வளையல் போடோணும், ஏழாம் மாசம்னா ஆடி வந்துருமா, அதுக்கு முந்தியே வெக்கோணுமான்னு சோசியரைக் கேக்கலாம்னு இருக்கறேன், நீங்க அந்த பல்லடம் ரோட்டுக்காரரைத்தானே...

இருங்க இருங்க. உள்ள கூப்பிடறா. என்ன கண்ணு? பசிக்குதா? அக்கா, கேட்டீங்களா, பசிக்குதாம்! அரிசியே இன்னும் களையலீங்க நானு. நீங்க போயிட்டு அப்பறமா வாங்க, அந்த முக்காலிய ஓரமா வெச்சுட்டுப் போங்க. வந்துட்டேன் சாமி, வந்துட்டேன், அடுப்பைப் பத்த வெக்கறேன்!